ஒச்சாயியின் வயிறு

ஒச்சாயி மாவாட்டிக்கொண்டிருந்தாள். குழவியைச் சுற்றும்போதெல்லாம் வயிறு ஆட்டுக்கல்லில் இடித்தது. பின்னால் நகர்ந்து உட்கார்ந்தால் கை எட்டவில்லை. அதே பரவை ஊரில் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த நாத்தனார் சீனியம்மாள் நிலைப்படியில் சாய்ந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனாவது மாசம் மதினி? எங்ககிட்டச் சொன்னா கண்ணு பட்டுருமாக்கும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சோறு கூடிப்போச்சு."

"சோறு கூடுனா கன்னம் பெருக்கும். ஒனக்குக் குச்சிக் கையி, குச்சிக் காலு. வயிறு மட்டும் அஞ்சு மாசம்."

மடியிலிருந்த மாங்காய்களைத் தரையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள் அவள்.

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த மலையாண்டியின் காதில் எல்லாம் விழுந்தது. வெளியே வந்தவன் மாங்காயைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை. சாப்பிடாமலே சந்தைக்குப் போய்விட்டான். அங்கே காய்கறி மண்டியில் அவனுக்கு எடை போடும் வேலை.

போன வருடம், எழுபத்தாறில், ஊருக்கு முகாம் ஜீப் வந்தபோது அவன் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டான். மூன்று பிள்ளை போதும் என்பது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. ஆனால் ஆம்பளை செய்துகொண்டது தெரிந்தால் மண்டியில் தலைகாட்ட முடியாது. திண்டுக்கல்லுக்கு லோடு ஏற்றப் போனதாகத் தங்கச்சியிடம்கூடப் பொய் சொல்லியிருந்தான். கஞ்சி வைத்துக் கொடுத்த ஒச்சாயிக்கு மட்டும்தான் தெரியும். அதனால் ஒச்சாயியின் வயிறு ஊருக்கு நல்ல சேதி, அவனுக்கு வேறு சேதி. கடைசிப் பையன் நடக்கத் தொடங்கியும் பால் மறக்கவில்லை. அவளுக்கு மாதவிலக்கும் இன்னும் திரும்பவில்லை. கர்ப்பம் இல்லை என்று காட்ட அவளிடம் எதுவுமில்லை.

மத்தியானம் வந்தவன் தட்டைத் தொடவில்லை.

"நாளைக்குக் காலையில கோரிப்பாளையம் டாக்டரம்மாகிட்டப் போறோம்."

"எதுக்கு?"

"ஒனக்குத் தெரியும்."

"தெரியாது. வாயத் தொறந்து சொல்லுங்க."

"உண்டுன்னு சொல்லிட்டாங்கன்னா, அங்கிட்டிருந்தே உசிலம்பட்டி பஸ்ஸேறி ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு. பிள்ளைக இங்கன இருக்கட்டும்."

"பால் குடிக்கிறவனுமா?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் டவுன் பஸ்ஸில் கூட்டம். பூக்கூடை வைத்திருந்த ஒருத்தி ஒச்சாயியைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "பிள்ளத்தாச்சி நிக்குது, நீங்கபாட்டுக்கு உக்காந்திருக்கீகளேய்யா" என்று பக்கத்து ஆட்களையும் ஒரு பிடி பிடித்தாள். வேண்டாம் என்றால் பேச்சு வளரும். ஒச்சாயி உட்கார்ந்துகொண்டாள். கம்பியைப் பிடித்தபடி நின்ற மலையாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டர் வசுந்தரா ஒச்சாயியை மல்லாக்கப் படுக்கவைத்து அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார். உள்பரிசோதனையும் செய்தார். பிறகு, "தோள் அசையாம தலைய மட்டும் தூக்கும்மா" என்றார். தொப்புளுக்கு மேலே நடுவயிறு வரப்பு மாதிரி எழுந்தது. அதில் விரல்களை வைத்தார். மூன்று விரல் உள்ளே இறங்கியது. வெளியே நின்றவனைக் கூப்பிட்டார்.

"கர்ப்பம் இல்லப்பா."

"நல்லாப் பாத்தீகளா டாக்டரம்மா?"

"பாத்தாச்சு. கர்ப்பப்பை சின்னதாத்தான் இருக்கு. வயித்துல ரெண்டு பக்கமும் சதை வார் மாதிரி ஓடும். பிள்ளை வளர வளர ரெண்டும் விலகி, நடுவுல இருக்க ஜவ்வு இழுபட்டுப் போகும். பிரசவத்துக்கப்புறம் தானாச் சேரணும். இவளுக்குச் சேரல. அதான் குடல் முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்குது."

"பேறுகாலத்துல துணி இறுக்கிக் கட்டல. காய்க்கூடை தூக்கப் போயிட்டேன்" என்றாள் ஒச்சாயி.

"துணி கட்டுனா தாங்கலா இருக்கும், அம்புட்டுத்தான். உன்மேல தப்பில்ல. பெத்தவங்கள்ல பாதிப் பேருக்காவது கொஞ்சம் விலகத்தான் செய்யும். பல பேருக்குச் சேந்துரும், சில பேருக்குச் சேராது. அடுத்தடுத்துப் பெத்தா, பிள்ளை பெரிசா இருந்தா, ரெட்டையா இருந்தா இன்னும் கூடும். ஏன், ஆம்பளைக்கும் வரும்."

"ஆம்பளைக்கா?"

டாக்டர் அவன் தொப்பையை ஒரு பார்வை பார்த்தார். "அவ எந்திரிக்கட்டும். நீ படு."

மறுக்க வழியில்லாமல் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் படுத்தான். தலையைத் தூக்கினான். பனியனுக்குக் கீழே, நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவே, அதே வரப்பு.

"உனக்கு எத்தனாவது மாசம்?" என்றார் டாக்டர்.

நர்ஸ் திரும்பிக்கொண்டு சிரித்தாள். ஒச்சாயி சிரிக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்துத்தான் எழுந்திருக்க வேண்டும், மூச்சை விட்டுக்கொண்டே வயிற்றை உள்ளே இழுத்துப் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைப் பார்க்க டாக்டர் போனார். நர்ஸும் பின்னால் போனாள்.

மலையாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டான். "எல்லாம் நல்லதாப் போச்சு. கெளம்பு. பையன் அழுவான்ல."

ஒச்சாயி சேலையைச் செருகிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கேன். மண்டியில தவசி அண்ணனா, பக்கத்து வீட்டுச் சோலையா? நேத்துல இருந்து யார நெனச்சுக்கிட்டு எம் மூஞ்சியப் பாக்காம இருந்தீக?"

மலையாண்டியின் கை கடைசிப் பொத்தானில் நின்றது. துண்டைத் தேடினான், அது தோளிலேயே இருந்தது. திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு வெளியே போனான்.