விஜயராணியின் செக்கிங் ஷீட்

"அண்ணே, அசையாம நில்லுங்க" என்றபடி என் காலரில் தொங்கிய நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள் பக்கத்து வீட்டு விஜயராணி. அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த ஒவ்வொரு பீஸையும் விரித்து, உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். லீவு நாளிலும் கண் சும்மா இருக்காது. எங்கள் லைன் வீட்டு ஓனர் சுப்பையன்கூட, அவள் வாசலைத் தாண்டும்போது வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடையைக் கூட்டிவிடுவார்.

உசிலம்பட்டிக்காரி. கணவர் இறந்தபின் மகள் அபிராமியோடு இங்கே வந்தவள். பிள்ளை நாலாவது படிக்கிறது.

அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்த ஒருவன், கட்டிக்கொள்கிறேன் என்று வந்தான். முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அதோடு விட்டானா? பஸ் ஸ்டாப்பில் நின்றான், கேட்டில் நின்றான், புதுப்புது நம்பரிலிருந்து மெசேஜ் அனுப்பினான். சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் ஒரு வழி சொன்னார்: "எதுக்கு கண்ணு வம்பு? பேசாம வேற கம்பெனிக்கு மாறிக்கங்க." தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி இருக்கும் இந்த ஊரில் அது பெரிய காரியமில்லை. மாறினாள். அவன் அந்தக் கேட்டிலும் வந்து நின்றான். நானும் என் பங்குக்கு, "கண்டுக்காதம்மா, தானா போயிருவான்" என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் செய்த தப்பு வேறு. பிசிறைக் கண்டால் வெட்டிப் பழகிய கை அல்லவா? வந்த மெசேஜையெல்லாம் அன்றன்றே அழித்து, போனைச் சுத்தமாக வைத்திருந்தாள். பெண்கள் உதவி எண் 181க்குப் பேசியபோது எதிர்முனையில் இருந்த பெண் பதறிவிட்டாராம். "இனிமே எதையும் அழிக்காதீங்க. நாள், நேரம், இடம், யார் பார்த்தாங்க, எல்லாத்தையும் எழுதி வைங்க."

"எழுதுறதா? அதத்தானண்ணே நாளு பூரா செய்றேன்" என்று ஒரு செக்கிங் ஷீட்டை எடுத்துக்கொண்டாள். குறை சின்னதா, பெரியதா, மன்னிக்கவே முடியாததா என்று குறிக்க மைனர், மேஜர், கிரிட்டிக்கல் என அதில் மூன்று கட்டம். டீக்கடையில் நின்று முறைத்தால் மைனர். பஸ்ஸில் பின் சீட்டில் வந்து உட்கார்ந்தால் மேஜர். சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஒரு மாதம் வரை கிரிட்டிக்கல் கட்டம் காலியாக இருந்தது. பிறகு ஒரு வியாழக்கிழமை, அபிராமியின் பள்ளிக்கூட வாசலில் பிஸ்கட் பாக்கெட்டோடு அவன் நின்றான்.

அன்று சிரிப்பில்லை. பிள்ளையின் துணிகளைப் பைக்குள் திணித்தாள். "ஊருக்கே போயிர்றேண்ணே." போனால் அங்கே வேலை ஏது? பிள்ளை படிப்பும் பாதியில் நிற்கும். இந்தத் தடவையாவது உருப்படியாக ஒன்று சொன்னேன்: "ஷீட்ட எடும்மா, ஸ்டேஷனுக்குப் போலாம்."

மகளிர் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டரம்மா வரி வரியாகப் படித்தார். போனில் அழிக்காமல் வைத்திருந்த மெசேஜ்களையும் பார்த்தார்.

"இதென்னங்க கிரிட்டிக்கல்? ஒண்ணே ஒண்ணுதான இருக்குது?"

"கம்பெனியில அது ஒன்னு வந்தாலே, தச்ச மொத்த லாட்டும் ரிஜெக்ட்டு மேடம்."

அவர் பேனாவைத் திறந்தார். வழக்குப் பதிவானது, அவனைப் பிடித்தார்கள். அவள் பக்கம் தலைகாட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு ஜாமீனில் வந்தவன் தன் ஊருக்குப் போய்விட்டான். வழக்கு நடக்கிறது.

அதன்பிறகும் சில வாரம், அபிராமியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடிதான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். நேற்றுக் காலை தெருமுனையில் நின்றாள். பிள்ளை அண்ணாந்து பார்த்தது. விஜயராணி ஒவ்வொரு விரலாகப் பிடியை விட்டாள்.