அக்கா எடை பார்த்த ரைஃபிள்கள்

நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று சித்தப்பா சொல்லி அனுப்பினார். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். படித்து யாருக்காவது முகம் சுருங்கினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அக்கா பிறந்தது கொச்சி மட்டாஞ்சேரியில், பஜாருக்குப் பின்னால் எங்கள் வாடகை வீட்டில். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மிளகுக் கிடங்குகளுக்கு நடுவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மலைத் தோட்டக்காரர்கள்தான் வாடிக்கை. அக்கா மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்தவை தங்கவில்லை. பள்ளியில் மலையாளமும் அம்மாவிடம் தமிழும் படித்த அக்கா, பள்ளிப் படிப்பு முடிந்ததும் கடைக்கு வந்துவிட்டார். அப்பா காலமானபின் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற எர்ணாகுளத்துக்குப் படகில் அலைந்தார். ஒரு குமாஸ்தா, "கல்யாணம் கழியாத்த பெண்ணுக்கு எந்தினா தோக்கு?" என்று கேட்டாராம், கல்யாணமாகாத பெண்ணுக்குத் துப்பாக்கி எதற்கு என்று. "உங்க துப்பாக்கி ரிப்பேரானா கொண்டு வாங்க சார், அப்பச் சொல்றேன்" என்றாராம் அக்கா.

வேட்டைக்குத் தடை வந்த காலம் அது. யானைக்கும் காட்டெருமைக்கும் என்று பழைய தோட்டத் துரைகள் வைத்திருந்த பெரிய ரைஃபிள்கள் ஒவ்வொன்றாக மலையிறங்கி எங்கள் கடைக்கு விற்பனைக்கு வந்தன. குழலின் வாயில் சுண்டுவிரல் நுழையும். அவற்றை வாங்க வந்தவர்கள் பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வைத்திருந்த தோட்டக்காரர்கள்.

யார் வந்தாலும் அக்காவுக்கு ஒரு வழக்கம். ரைஃபிளை அவர்கள் கண் முன்னாலேயே கழற்றுவார். இரும்புக் குழலைத் தனியாகவும், தோளில் பதியும் மரக்கட்டையைத் தனியாகவும் பக்கத்து மிளகுக் கிடங்கின் தராசில் வைப்பார். எடையைச் சாக்குக்கட்டியால் அலமாரிக் கதவின் உட்புறம் எழுதுவார். கிடங்கின் மேஸ்திரி மூப்பன் சிரிப்பார். "இன்னிக்கு எத்தர கிலோ தோக்கு, மோளே? ஏலக்கா சேர்த்துப் பொதியட்டே?"

"மொத்தக் கனத்த மட்டும் சொல்லி விக்கிறவன் திருடன்" என்பார் அக்கா. "இந்த ரெண்டு ரைஃபிளும் நாலரைக் கிலோதான். இதுல கனம் குழல்ல நிக்குது. அதுல கட்டைல நிக்குது. ரெண்டும் ஒண்ணா?"

ஒன்றல்ல. குழல் கனமாக இருந்தால் வாய் ஆடாது, தூரத்தில் நிற்பதை நிதானமாகக் குறி பார்க்கலாம். ஆனால் திடீரென்று பாய்ந்து வருவதன் பக்கம் திருப்ப நேரமாகும். கட்டை கனமாக இருந்தால் சுடும்போது தோளில் இடி குறையும், சட்டென்று தூக்கலாம். ஆனால் வாய் மேலே துள்ளும். ஏலக்காட்டில் யானை கைக்கெட்டும் தூரம் வரை கண்ணில் படாது. அங்கே போகிறவனுக்குக் கனம் இரண்டு கைகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அக்கா கட்டையின் அடித்தகட்டைக் கழற்றி, துளை போட்டு, ஈயம் வைத்து நிற்க வைப்பார். ஈயம் உருகும் வாடையும் பக்கத்துச் சுக்கு வாடையும் கலந்த அந்தக் கடையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சாயா குடிக்கத் தோன்றுகிறது.

ஓர் ஆடி மாதம், பேபிச் சேட்டன் என்ற ஏலத்தோட்டக்காரர் வந்தார். அவர் மலையில் ஒரு கொம்பன் யானை ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. கடையில் இருந்த இரண்டு ரைஃபிள்களையும் அக்கா நிறுத்துக் காட்டினார். கட்டை கனமானதை அவர் எடுத்துக்கொண்டார். கட்டையில் ஏற்கெனவே கனம் இருக்கிறது என்று அக்கா கொஞ்சம் ஈயம்தான் வைத்தார், திருகுகளை முறுக்கிக் கொடுத்தார்.

அடுத்த சில மாதங்களில் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அப்போது அவருக்கு முப்பது தாண்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு எர்ணாகுளம் தேவராவில் வேலை. பெண் பார்க்க வந்த இடத்தில் அவர், "குழல் கனமா இருக்கறது நல்லதா, கட்டை கனமா இருக்கறதா?" என்று கேட்டார். "எதச் சுடப் போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க" என்றார் அக்கா. அவர் வாய்விட்டுச் சிரித்தார். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிச்சயம் என்று முடிவானது.

அந்த வாரம் ஏலக்காய் லாரி ஓட்டும் ஹம்சா வந்து, "சேச்சி அறிஞ்சோ? பேபிச் சேட்டனுக்கு ஆனைய வெடிவைக்க ஆர்டர் கிட்டி. திங்களாழ்ச்ச வெளுப்பிலே காட்டுல கேறும்" என்று சொல்லிவிட்டுப் போனார். யானையைச் சுட அரசு உத்தரவு, திங்கட்கிழமை விடியலில் காட்டுக்குள் ஏறுகிறார்.

சனிக்கிழமை காலை, விற்காமல் கிடந்த மற்ற ரைஃபிளைக் கேட்டு ஒருவர் வந்தார். அக்கா வழக்கம்போலக் கழற்றித் தராசில் வைத்தார். குழல், ஆடியில் கதவில் எழுதியிருந்த எடைக்குச் சரியாக இருந்தது. கட்டை குறைந்தது. இரண்டு பிடி மிளகு அளவு குறைந்தது. அக்கா மறுபடி வைத்தார். மறுபடியும் குறைந்தது. திருகைத் திருப்பிப் பார்த்தார், மரம் சுருங்கித் திருகு லொடலொடத்தது.

ஆடி மழையில் மட்டாஞ்சேரியில் எல்லாமே தண்ணீர் குடிக்கும். எங்களைச் சுற்றி இருந்த வியாபாரிகள் மிளகு வாங்கும்போது ஈரத்துக்கென்று எடை கழிப்பார்கள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்த எங்களுக்கு, எண்ணெய் போன பழைய கட்டைக்கும் கழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"ஈரத்த நிறுத்துட்டு மரம்னு சொல்லிட்டேன்டா" என்றார் அக்கா. "இப்ப அந்த ரைஃபிளும் காஞ்சிருக்கும். வாய் கீழ தொங்கும். திருகு லூசா இருக்கும். சுட்டா கட்டை பொளந்துரும், முன்னால ஆனை நிக்கும்."

தோட்டத்தில் போன் கிடையாது. நான் போகிறேன் என்றேன்.

"உனக்குத் துளை போடத் தெரியும். கனத்த எங்க நிக்க வைக்கணும்னு தெரியுமா?"

"நாளைக்கு நிச்சயம்க்கா! முடிச்சிட்டுப் போ."

"நாளைக்கு மத்தியானம் கெளம்பினா வழியிலயே இருட்டிரும், ஆனை நிக்கற மலைப்பாதைல ராத்திரி எந்த வண்டியும் ஏறாது. திங்கக்கெழம வெடியறதுக்குள்ள போய்ச் சேர முடியுமா? நீயே சொல்லு."

முடியாது. அக்கா ஈயத்தையும் துரப்பணத்தையும் பையில் போட்டுக்கொண்டு ஹம்சாவின் லாரியில் ஏறினார். அம்மா வாசலில் நின்று அழுதார்.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து உட்கார்ந்தார்கள். பெரியப்பா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், "பொண்ணு எங்கடா?" என்றார். சொன்னேன். "ஆனை செத்தா என்ன, பொழச்சா என்ன? மானம் போயிருமேடா!" என்றார். ஆனைக்காக யாரும் போகவில்லை, ஆளுக்காகப் போயிருக்கிறார் என்றேன். காதில் வாங்கவில்லை. மூன்று முறை காப்பி கொடுத்தோம். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று அத்தை ஒரு பொய் சொன்னார்.

மதியம் தாண்டி வாசலில் லாரி நின்றது. அக்கா இறங்கி வந்தார். புடவையெல்லாம் ஏலக்காய் மணம், கையில் எண்ணெய்க் கறை. மாப்பிள்ளையின் தாயார், "எந்தக் கோயில்மா?" என்று கேட்டார்.

"கோயில் இல்லீங்க. மலைக்குப் போயிருந்தேன். நான் செஞ்சு குடுத்த துப்பாக்கில தப்பு. சரி பண்ணிட்டு வந்தேன்."

"ராத்திரி எங்க தங்கினே?"

"அவங்க வீட்டுல. அவங்க அம்மா பக்கத்துல படுத்தேன்."

"லாரில, ஒரு துலுக்கன்கூட, அந்நிய ஆம்பள வீட்டுக்கு. நல்லா வளத்திருக்கீங்க" என்றார் எங்கள் அம்மாவிடம்.

"அந்த ஹம்சாதான் நான் நேரத்துக்கு வரணும்னு சோறுகூடத் திங்காம வண்டி ஓட்டினாரு" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. தட்டுகள் திரும்பிப் போயின. மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக அவரை நான் பல வருடம் திட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை பேபிச் சேட்டன் காட்டுக்குள் போனார். பல நாள் தேடினார். கொம்பன் மலையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டிருந்தது. ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

நம் உறவினர்களுக்கு அது போதும். எந்தக் கல்யாண வீட்டிலும் இதையே பேசினார்கள். "சுடாத துப்பாக்கிக்காகச் சம்பந்தத்தைத் தொலைத்தவள்" என்று பெரியப்பா சொன்னதை அவர் பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள். இதையும் படிக்கட்டும். சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தப்பு தன்னுடையது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அதற்குமேல் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை.

அதன்பின் வேறு வரன் அமையவில்லை. எண்பதுகளில் கடையில் வேலை குறைந்தது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கப் போனார். என்னைப் படிக்க வைத்தார், என் கல்யாணத்தை நடத்தினார், என் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். நோய் வந்தபோதும் எங்களைத்தான் அதட்டினார்.

எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மதியம் கேட்டேன். "அன்னிக்குப் போனதுக்கு எப்பவாவது வருத்தப்பட்டியாக்கா?"

"போனதுக்கு இல்ல. ஆனா அந்த மனுசன எனக்குப் புடிச்சிருந்துச்சுடா. லாரில ஏறும்போதே தெரியும், இது முடிஞ்சுதுன்னு. தெரிஞ்சேதான் ஏறினேன்."

அதுவரை அக்காவுக்குக் கல்யாணத்தில் அக்கறை இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்படி நினைத்தது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

நன்றி சொல்ல வேண்டும். கடைசி மாதங்களில் ஞாயிறுதோறும் மலையிலிருந்து இறங்கி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்த பேபிச் சேட்டனுக்கும் அவர் மனைவிக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக வண்டி ஓட்டிய ஹம்சாவுக்கும், தோள் கொடுத்த கிடங்குத் தொழிலாளிகளுக்கும், காரியங்களுக்கு வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சுடுகாட்டில் கூட்டத்துக்குப் பின்னால் ஒருவர் கடைசிவரை நின்றார். அன்று பெண் பார்க்க வந்த தேவராக்காரர். தலை நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர, அப்போதும் ஒன்றும் பேசவில்லை. அக்கா ஆஸ்பத்திரியில் சொன்னதை அவரிடம் சொல்ல வாய்வரை வந்தது, சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் சொல்லவில்லை. அவருக்குக் குடும்பம் இருக்கிறது. இதில் யாரும் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த மலரில் ஒரு பிரதியை அவர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.