ஓர் எழுத்து குறைந்த முகவரி

கித்துல்கலையில் ஆற்றோரம் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். என் கணவர் ரப்பர் படகில் ஆட்களை ஆற்றில் கூட்டிப்போகிறவர். இணையத்தளம் தொடங்கியபோது, நாங்கள் கேட்ட ஆங்கிலப் பெயரை வேறு யாரோ எடுத்திருந்தார்கள்.

"'ரிவர்'ல ஒரு எழுத்த எடுத்துட்டா கெடைக்குது. இப்ப அதுதாங்க ஸ்டைல்" என்றார் தளம் செய்து தந்தவர். தலையாட்டினோம்.

வருடா வருடம் தங்க வரும் யாழ்ப்பாணத்து ஆங்கில ஆசிரியர் ஒருவர் என் கணவருக்கு உயிர் நண்பராகியிருந்தார். கனடாவிலுள்ள மகனிடம் போகுமுன் அவர் விடைபெற வந்தார். அந்த வாரந்தான் எங்கள் வீட்டின் ஒரே போன் ஆற்றோடு போயிருந்தது.

"நம்ம தளத்துப் பேருக்கே மெயில் போடுங்க சேர்" என்று என் கணவர் வாயால் சொல்லி அனுப்பினார்.

ஒரு மெயிலும் வரவில்லை. நோயில் படுத்த பிறகும் என் கணவர், "சேர் எழுதினாரா பாரு புள்ள" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள், "நம்மள மறந்துட்டாரு" என்றார். அதன்பின் கேட்கவில்லை.

அவர் இறந்த சில மாதங்களில் ஆசிரியர் எங்கள் வாசலில் வந்து நின்றார். விஷயம் தெரிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினை மெயில் போட்டனான் பிள்ளை! ஒண்டுக்கும் பதில் இல்லை" என்று போனை நீட்டினார்.

ஆங்கிலம் படிப்பித்தவர் அல்லவா, எல்லாவற்றிலும் 'ரிவர்' என்பதை எழுத்துக் குறையாமல் சரியாகப் போட்டிருந்தார். எல்லாம் அந்தப் பெயரை முன்பே எடுத்திருந்த யாருக்கோ போயிருந்தன.

இப்போது விருந்தினர் புறப்படும்போது, அவர்களுடைய போனிலேயே எங்கள் தளத்தைத் திறக்கச் சொல்கிறேன். துடுப்போடு சிரிக்கும் என் கணவரின் முகம் அதில் வந்த பிறகுதான் கையசைக்கிறேன்.