சிவப்பு மையில் வைத்த புள்ளிகள்

என் மேசையின் கடைசி இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் அச்சாகியிருக்கும் கட்டுரையில் ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி கிடையாது. அம்பத்தூர் ‘அமபததூர’ என்றிருக்கிறது. அச்சு விட்ட புள்ளிகளைச் சிவப்பு மையில் கையால் வைத்தவன் நான். வேறு எதையாவது தேடும்போது இந்தத் தாள் கண்ணில் பட்டால், தேடியதை மறந்து சிரித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வட்டார வார இதழின் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே டீ டம்ளர் நடுங்கும். இதழின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டவர் கரையான்சாவடியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஆசிரியர் உட்பட எல்லோருக்கும் அவர் சிஸ்டம் அக்கா. எது கெட்டாலும் உடனே விசைப்பலகையைத் தொடமாட்டார். இரண்டு கைகளையும் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஒரே கேள்வி கேட்பார்: “கடசியா இத யாரு தொட்டது?” போலீஸ் விசாரணை போல இருக்கிறது என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

ஒரு சனிக்கிழமை தளம் புதிய சர்வருக்கு மாறியது. மதியம் பார்த்தால் தமிழ் முழுவதும் போயிருந்தது. எழுத்துக்கு எழுத்து, தலையில் சாய்கோடு விழுந்த ஓர் ஆங்கில a, பக்கத்தில் வட்டத்துக்குள் அடைபட்ட ஓர் R, கம்பெனிப் பெயர்களோடு வரும் ‘ரெஜிஸ்டர்டு’ குறி. அக்கா இன்னும் வந்து சேரவில்லை. திருநின்றவூர் வாசகர் ஒருவர்தான் முதலில் அழைத்தார். அவருக்குப் பார்வை இல்லை. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். எங்கள் இதழைக் கைப்பேசி வாசிக்கக் கேட்பவர். தினமும் போய்வரும் ரயிலில் ஒவ்வொரு நிலையத்தையும் காதால் எப்படி அடையாளம் காண்கிறார் என்று அவர் எழுதிய முதல் கட்டுரை அந்த வாரம்தான் வந்திருந்தது. அவர் போனில் சொல்லச் சொல்ல நான் நேராகத் தளத்திலேயே தட்டெழுதியது. வேறு படி கிடையாது. ‘அண்ணனூரில் சத்தம் அகலமாகிறது’ என்ற வரி என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்று அப்போதே தோன்றியது.

“சார், போன் ஒரே ‘ரெஜிஸ்டர்டு, ரெஜிஸ்டர்டு’ன்னுகினு கீது. என் கட்டுரைய பத்திர ஆபீஸ்ல பதிஞ்சிட்டீங்களா?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அஞ்சு இருவது வண்டில நம்ம செட்டு மொத்தமும் கேக்கப்போவுது. பத்து நாளா சொல்லிகினு கீறேன். இல்லன்னா நான் இனிமே வேற பொட்டிலதான் ஏறணும்.”

பத்திரிகையில் பழகிய கைக்கு ஒரு வியாதி உண்டு. பிழையைப் பார்த்தால் அது தானாக நீளும். கணினியில் இருந்த பழைய எடிட்டர் மென்பொருள் ஒன்றில் அவருடைய கட்டுரையைத் திறந்து, தலைப்பை மறுபடி தட்டெழுதிச் சேமித்தேன். ஒன்றும் மாறவில்லை.

அக்கா வந்ததும், வாசகர் சொன்னதை நான் சொல்லி முடிப்பதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எந்தப் பக்கம் வெளியே போனாலும், எழுத்துகளை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று ஒரு சீட்டு ஒட்டித்தான் சர்வர் அனுப்பும். புதிய சர்வர் எல்லாவற்றிலும் ஐரோப்பிய மொழிகளுக்கான சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அமைப்பில் ஒரே வரி. மாற்றியதும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் தமிழுக்குத் திரும்பின, ஒன்றைத் தவிர.

“கடசியா இத யாரு தொட்டது?”

நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பார்சல் மேலதான் சார் சீட்டு தப்பு. உள்ள சாமான் சரியாதான் இருந்துது. நீங்க பிரிச்சி, சாமான் மேலயும் அதே சீட்ட ஒட்டிட்டீங்க.”

நாலைந்து வரியில் ஒரு நிரல் எழுதி, நான் செய்ததைத் தலைகீழாகச் செய்ய வைத்தார். எழுத்துகள் திரும்பின, புள்ளிகள் திரும்பவில்லை. புள்ளியைக் குறிக்கும் எண் என்னவென்று தெரியாத அந்தப் பழைய எடிட்டர், சேமிக்கும்போது அதைக் குப்பையென்று தள்ளிவிட்டிருந்தது. அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்றார் ஆசிரியர். “அதுவரிக்கும் அந்தாளு பொட்டி மாறி ஏறணுமா?” என்று கேட்டுவிட்டு, அக்கா கட்டுரையை அச்செடுத்து என் முன்னால் வைத்தார். மேலே ஒரு சிவப்புப் பேனா. “மார்கழி மாசம்னு நெனச்சிகினு புள்ளி வைங்க சார். நான் பின்னாலயே அடிச்சிகினு வர்றேன்.”

எத்தனையோ ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். எதையும் அவ்வளவு மெதுவாகப் படித்ததில்லை. புள்ளி வைத்த இடத்திலெல்லாம் அவருடைய ரயில் நின்று புறப்பட்டது. ஐந்து பத்துக்கு முடித்தோம்.

ஐந்தரைக்கு என் கைப்பேசி அடித்தது. பேச்சில்லை, ரயில் சத்தமும், அதற்குமேல் கட்டுரையை வாசிக்கும் இயந்திரக் குரலும். அக்கா ஸ்பீக்கரைப் போட்டார். ‘அண்ணனூரில் சத்தம் அகலமாகிறது’ என்றது அந்தக் குரல். சரியாக அப்போது வண்டியின் ஓசை, சுவர்கள் விலகினாற்போல விரிந்தது.

“அட, இருவது வருசமா இதுல போறேன், எனக்குக் கேட்டதேயில்ல மாமே” என்றது ஒரு குரல்.

“சீட்டு ஆடிகினு வந்தா எப்டி கேக்கும்?” என்றார் வாசகர். பெட்டி முழுவதும் சிரித்தது. பிறகு என்னிடம், “சார், ஒரே ஒரு எடத்துல மட்டும் போனு விக்கிச்சி” என்றார்.

தேடிப் பார்த்தோம். இந்துக் கல்லூரி நிலையம் ‘கலலூரி’ என்றிருந்தது. நான் விட்ட புள்ளி. தளத்தில் அக்கா அதை அப்போதே வைத்துவிட்டார். தாளில் மட்டும் அது இன்னும் அப்படியே நிற்கிறது. இழுப்பறையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சிவப்புப் பேனாவை எடுக்கிறேன். இன்று காலையும் எடுத்தேன். ‘கடசியா இத யாரு தொட்டது?’ என்று காதில் கேட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.