பன்னிரண்டு மணிப் பந்தயம்

ரெஜீன் தோப்னோ வாழ்நாளில் ஒருமுறைகூட ஓடியதில்லை. பேருந்து கிளம்பிவிட்டால் அடுத்த பேருந்துக்காக உட்கார்ந்துவிடுகிற ரகம். ஆனாலும் நிவெர்னே கால்வாயோரம் ஷாம்ப்ரெல் கிராமத்துப் பக்கம் ஓடப் போகிற அத்தனை பேரும் ஓடுவது அவள் போட்ட பாதையில்தான். ஓடவே ஓடாத ஒருத்தி எப்படி ஓடுபாதை போட்டாள் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. ஊர்ப் பாதிரியார் கல்யாணம் நடத்தி வைக்கவில்லையா?

அவள் வேலை மதகு பார்ப்பது. கால்வாயில் வரும் படகை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும். இருபத்தாறு வயதில் மதகு வீட்டுக்குக் குடி வந்தாள். இப்போது ஐம்பத்தெட்டு. நடுவில் ஒரு கல்யாணம், ஒரு விவாகரத்து, எண்ணிக்கையில் அடங்காத வாத்துகள். வேலையில் முக்கால் பங்கு காத்திருப்பது என்பதால் அந்தக் கலையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இருபது வருடங்களுக்கு முன் திஜோன் நகரத்துப் பொறியாளர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து மதகருகே வந்து நின்றார். "கார் தொல்லை இல்லாம ஓடறதுக்கு எதாவது வழி இருக்கா, அம்மா?" என்றார். ரொட்டி சுற்றி வந்த காகிதத்தின் பின்பக்கத்தில் ரெஜீன் ஒரு கோடு வரைந்து கொடுத்தாள். கால்வாய்க் கரையில் மூன்று கிலோமீட்டர், ஏரியைச் சுற்றி நான்கு, ஓக் காட்டுக்குள் ஏறி இறங்கி ஏழு, கடைசியில் மதகுக் கதவின் மேலிருக்கும் ஒற்றைப் பலகையில் கால்வாயைக் கடந்தால் முடிந்தது. அடுத்த கோடையில் அவர் ஆறு பேரோடு வந்தார். சில வருடங்களில் அது அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயமாகி, நூற்றுச் சொச்சம் பேர் ஓடினார்கள்.

பாதையின் சூட்சுமம் அவளுடைய மெத்தனத்தில் இருந்தது. நடந்து பார்த்து, எங்கே தனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றுகிறதோ அங்கே பாதையை வளைத்து ஏரி கண்ணில் படும்படி செய்வாள். எங்கே கால் வலிக்கிறதோ அங்கே ஊசியிலை மெத்தைபோல் கிடக்கும் பைன் தோப்புக்குள் விடுவாள். வழி காட்டும் நீலப் புள்ளிகளை மரத்தில் முழங்கால் உயரத்தில்தான் வைப்பாள். ஓடுகிறவன் தரையைப் பார்த்து ஓடுவானே தவிர அண்ணாந்து பார்க்க மாட்டான் என்று அவளுக்கு ஒரு தீர்மானம்.

குறை ஒன்று உண்டு. படகு வந்து மதகுக் கதவு திறந்திருந்தால் பலகையும் திறந்தே இருக்கும். யாரும் கடக்க முடியாது. படகுக்கே முன்னுரிமை. போன வருடம் முதலில் வந்தவன் ஒரு டச்சுக் குடும்பத்தின் படகுக்காகப் பத்து நிமிடம் நிற்க, பின்னால் இருபத்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். கதவு மூடியதும் பலகையோரம் இடம் பிடித்து நின்ற தபால்காரிக்குக் கோப்பை கிடைத்தது. காத்திருந்த நேரத்தில் டச்சுக்காரர்கள் பீர் ஊற்றிக் கொடுத்ததால் யாரும் புகார் சொல்லவில்லை.

இந்த வருடம் வந்தது அதைவிடப் பெரிய வம்பு. செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை மேயர் க்ளோதில்ட் மதகடிக்கு வந்தாள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன், ரெஜீன்."

"நீ எப்ப நேரா வந்திருக்கே? உக்காருடி."

"காட்டுப்பன்னி இந்த வருஷம் சோளத்தை நாசம் பண்ணிடுச்சு. வேட்டைச் சங்கத்துக்குக் காடு முழுசும் கொடுத்தாச்சு, எல்லா ஞாயித்துக்கிழமையும், விடிஞ்சதுலேர்ந்து இருட்டுற வரைக்கும். சுடற இடத்துல ஜனங்களை ஓட விட்டுட்டு நான் ஜெயில்ல களி திங்கணுமா?"

"அப்ப பந்தயம்?"

"ஃபுட்பால் மைதானத்தைச் சுத்தி, சூப்பர் மார்க்கெட் வழியா, தார் ரோட்டுல நாலு சுத்து. படகும் இல்ல, பன்னியும் இல்ல."

"அங்க பாக்கறதுக்கு என்னடி இருக்கு?"

"சூப்பர் மார்க்கெட் இருக்கே."

ரெஜீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாத்துகளுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள். க்ளோதில்ட் கொஞ்சம் இறங்கி வந்தாள். "அடுத்த திங்களுக்குள்ள வேட்டைச் சங்கத்து ஆன்செல்ம் கையெழுத்துப் போட்ட தாள் கொண்டா. இல்லேன்னா நாலு சுத்துதான். ஒரு தடவை தார் ரோட்டுக்குப் போயிட்டா அப்புறம் காட்டுக்குத் திரும்பாது, சொல்லிட்டேன்."

எதற்கும் கலங்காதவள் என்று பேர் எடுத்த ரெஜீன், அன்று பிற்பகல் படகு உள்ளே வந்த பிறகும் கதவைச் சாத்த மறந்து நின்றாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. துப்பாக்கிக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று ஆரஞ்சு மேலங்கி மாட்டிக்கொண்டு, வேட்டைச் சங்கத் தலைவர் ஆன்செல்ம் க்ரிவோவைப் பார்க்கக் காட்டுக்குப் போனாள். ஐந்து பாதைகள் கூடும் சந்தியில்தான் வேட்டைக்காரர்களின் மரக்குடில். காட்டு விளிம்பில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும், தன் சுபாவப்படி ஒரு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தாள். தூரத்தில் தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. சத்தம் சட்டென்று நின்றது. ஒரு வெடிகூட இல்லை. குடிலுக்குப் போய்ச் சேர்ந்தால், துப்பாக்கிகள் எல்லாம் காலியாகச் சுவரில் சாய்ந்திருக்க, பதினாலு பேர் கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு மேசையில் இருந்தார்கள். ஒயினில் வெந்த பன்றிக்கறி வாசம் மூக்கைத் துளைத்தது.

"வாம்மா ரெஜீன், தட்டு எடுத்துக்கோ" என்றார் ஆன்செல்ம். எழுபத்தோரு வயது, வெங்கலக் குரல். "பந்தயம்னு மட்டும் வாயைத் தொறக்காதே. ஞாயித்துக்கிழமை காடு எங்களோடது."

"எத்தனை மணி வரைக்கும் சாப்பிடுவீங்க?"

"இது என்ன கேள்வி? ரெண்டு மணி வரைக்கும். சீஸ் ரெண்டு வகை இருந்தா ரெண்டே கால்."

"நடுவுல பன்னி வந்துட்டா?"

"அதுதான் வாராவாரம் வருதே! அந்த நேரத்துக்கு எவனும் சுடமாட்டான்னு பன்னிக்கே தெரியும். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டுப் போகும், பேமானி!"

மேசை முழுக்கச் சிரித்தது. ரெஜீன் மட்டும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கக் கொண்டுவந்த தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை மதகுக்கும் சாப்பாட்டு இடைவேளை. கதவு சாத்தியிருக்கும், பலகைக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை காட்டில் துப்பாக்கி தூங்கும். ஏரிக்கரை மீன்பிடிகாரர்களும் கூடையைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்கள். காடும் ஏரியும் கால்வாயும் ஒரே சமயத்தில் சும்மா கிடக்கும் ஒரே வேளை அதுதான்.

"பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் காட்டை எங்களுக்குக் கொடுத்துடுங்க. நீங்க மேசையை விட்டு எந்திரிக்க வேண்டாம்."

ஆன்செல்ம் அவளை உற்றுப் பார்த்தார். "சாப்பாட்டு நேரத்துலயா ஓடப் போறாங்க? உனக்குப் புத்தி கித்தி..." என்றவர், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டார். நடக்காத காரியத்துக்குக் கையெழுத்துப் போடுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

ஊர் கொந்தளித்தது. ரொட்டிக் கடை வாசலில் இதே பேச்சு. "வெறும் வயித்துல ஓடணுமாம்." "என் பொண்டாட்டி வாத்து வறுத்து வெப்பாளா, இல்ல கடிகாரம் புடிச்சு நிப்பாளா?" எப்போதும் நூறைத் தாண்டும் பெயர்ப்பட்டியல் நாற்பத்தொன்றில் நின்றது. க்ளோதில்ட் தாளை வாங்கி வைத்துக்கொண்டு கறாராகச் சொன்னாள்: "ஒரே ஒருத்தர் ரெண்டு மணிக்கு மேல காட்டுல மாட்டினாலும் இதோட சரி."

பந்தய நாளில் பன்னிரண்டாவது மணியோசையோடு நாற்பத்தொரு பேர் கிளம்பினார்கள். ரெஜீன் மதகுக் கதவைச் சாத்திவிட்டு, முடிவுக் கோட்டில் ரொட்டியும் பூண்டு வைத்த கோழி ஈரலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெங்கும் ஆறு பேரைக் காவலுக்கு நிறுத்தியிருந்தாள். பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பிப் பார்த்தால், ஐந்து பாதைச் சந்தியில் நிற்க வேண்டிய எமெரிக் முடிவுக் கோட்டுப் பந்தலில் பூசணி சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, நீ சந்தியில இல்ல நிக்கணும்?"

"பன்னெண்டரை ஆயிடுச்சே, ரெஜீன்" என்றார் எமெரிக், அவள்தான் ஏதோ மறந்துவிட்டாள் என்பதுபோல. "மத்தவங்களும் வீட்டுக்குப் போயிட்டாங்க. ஒரு மணி நேரத்துல வந்துருவோம்."

ஊர் முழுதும் சாப்பிடும் நேரத்தைக் கண்டுபிடித்தவள், காவலுக்கு நிற்பவர்களும் அதே ஊர்க்காரர்கள் என்பதை யோசிக்கவில்லை. சந்தியில் தவறான பாதை பிடித்தால் ஆறு கிலோமீட்டர் தள்ளி, வேட்டைக்காரர்கள் இரண்டு மணிக்கு வரிசை கட்டும் பள்ளத்தில்தான் கொண்டுபோய் விடும். பக்கத்தில் நின்ற க்ளோதில்டின் முகம் வெளுத்தது. ரெஜீன் தொலைபேசியை எடுத்தாள்.

"ஆன்செல்ம், சந்தியில ஆள் இல்ல! வழி தப்பிச்சுன்னா உங்க துப்பாக்கி முன்னாலதான் வந்து நிப்பாங்க!"

"நிக்கிறாங்களே" என்றார், வாய் நிறையக் கறியோடு. "ஏழு பேர் எங்க குடில் கதவுகிட்ட நிக்கிறாங்க. எந்தப் பக்கம்னு கேக்கறாங்க. உன் நீலப் புள்ளி எங்கம்மா?"

"அங்கேயே மரத்துல முழங்கால் உயரத்துல..."

"முழங்கால் உயரத்துலயா! அங்கதானே பன்னி முதுகு தேய்க்கும்! மரம் பூரா சேறு அப்பிக் கெடக்கு. உனக்கு யாரும் சொல்லலையா?"

"இடது பக்கம், ஆன்செல்ம்! அந்தப் பெரிய மரத்தைத் தாண்டி இடது பக்கம்!"

"டேய், இடது பக்கமாம்! அனுப்புங்கடா!" என்று அவர் கத்தியது காதைத் துளைத்தது. "நீ போனை வை. இனிமே வர்றவங்களையும் பாத்துக்கறோம். இன்னும் சீஸுக்கே வரல."

அப்புறம் நடந்ததை ஓடியவர்கள்தான் வந்து சொன்னார்கள். வேட்டைக்காரர்கள் மேசையைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டு, எழுந்திருக்காமலே, முள்கரண்டியால் இடது பக்கம் காட்டிக்கொண்டிருந்தார்களாம். "சீக்கிரம் போடா, அங்க சூப் ஆறிடும்!" என்று விரட்டினார்களாம். மூன்று பேர் அந்த வாசத்துக்குத் தாக்குப்பிடிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்; அதில் தபால்காரியும் ஒருத்தி. ஆன்செல்ம் போன் போட்டு அவர்கள் பெயரைச் சொல்லி, "இவங்க பத்திரமா இருக்காங்க. எந்திரிக்கத்தான் மாட்டேங்கறாங்க" என்றார். மற்ற முப்பத்தெட்டு பேரும் ஒன்றே முக்காலுக்குள் பலகையைக் கடந்தார்கள். ஒரு மணிக்கு மதகைத் திறப்பதை ரெஜீன் அன்று மட்டும் கொஞ்சம் தள்ளிப்போட்டாள். காத்திருந்த ஒரே படகில் இருந்தவர்களும் சாப்பாட்டில்தான் இருந்தார்கள். முதலில் வந்தவன் பழைய சாதனையை நான்கு நிமிட வித்தியாசத்தில் முறியடித்திருந்தான். எப்படித் தம்பி என்று கேட்டதற்கு, "பசி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் போய்விட்டான்.

இரண்டு மணிக்கு வேட்டைக் கொம்பு ஊதவில்லை. இரண்டரைக்கும் ஊதவில்லை. அன்று பிற்பகல் பன்றிகளுக்கு முழு விடுமுறை.

க்ளோதில்ட் சூப் கிண்ணத்தோடு வந்து ரெஜீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சுடவே இல்லையே, அந்த மூணு பேரை நான் கணக்குல சேக்கல. ஆன்செல்ம் அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்துப் போடறாராம். ஒரு நிபந்தனை. பாதை அவங்க மேசைக்கு நேரா வரணுமாம். நாப்பது அடி நகர்த்தணும்."

"நகர்த்தறேன்."

"நீயா? வாத்துக் கூண்டைக்கூட நகர்த்த மாட்டியே!"

"தார் ரோட்டுல நாலு சுத்துக்கு நாப்பது அடி பரவாயில்ல. புள்ளியையும் மார் உயரத்துக்கு ஏத்திடறேன். பன்னி எட்டாது."

க்ளோதில்ட் ஊர் அறிவிப்புப் பலகையில் பாதையின் படத்தையும், கீழே 'ஞாயிறு, 12 முதல் 2 வரை' என்ற வரியையும் ஒட்டிவைத்தாள். பந்தயம் முடிந்தும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. ஞாயிறு மதியம் மதகு வீட்டு முற்றத்தில் ரெஜீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஐந்தாறு பேர் மூச்சிரைக்கப் பலகையில் கால்வாயைக் கடப்பார்கள். "நல்லா சாப்பிடுங்க, அம்மா!" என்று குரல் கொடுப்பார்கள். வாயில் இருப்பதை மென்று விழுங்கி அவள் பதில் சொல்வதற்குள் அவர்கள் கரைத் திருப்பத்தில் மறைந்திருப்பார்கள். அதனால் என்ன, அடுத்தாற்போல் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொள்வாள்.