கண் பரிசோதனைக்கு ஒத்திகை

பள்ளிக்கு விருந்தினர் வருகிறார்கள் என்று தகவல் வந்தாலே எனக்கு முதுகு வலிக்கத் தொடங்கிவிடும். எங்களுடையது கடற்கரை ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், முப்பத்து நான்கு பிள்ளைகள். தலைமையாசிரியை நான்தான். தினமும் திருவாடானைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன்.

வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேஜிக் காட்டுகிறவர் ஒருவர் வந்து துணிக்குள்ளிருந்து புறா எடுத்தார். கல்லூரிப் பிள்ளைகள் வந்து வெளிச்சுவரில் பெரிய நீல மீன் ஒன்று வரைந்தார்கள். சென்னைக் குடும்பம் ஒன்று தங்கள் மகனின் பிறந்த நாளுக்கு எங்கள் வகுப்பறையில் கேக் வெட்டியது. முன்பின் தெரியாத அந்தப் பையனுக்கு என் பிள்ளைகள் கை வலிக்கத் தட்டினார்கள். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் மறுபடி வருவதாகச் சொன்னார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு முறையும் முந்தின நாளே ஒத்திகை நடத்துவேன். மேலே இருந்து யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. ஒரு முறை வந்தவர் ஏதோ கேட்க, அத்தனை பிள்ளைகளும் வாயைத் திறக்காமல் நின்றார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து நானே தொடங்கிய பழக்கம் அது. என்ன ஆகப் போகிறாய்? கலெக்டர். பிடித்த பாடம்? கணக்கு. இது எப்படி இருக்கிறது? ரொம்ப நன்றாக இருக்கிறது. அப்பா மாதிரிக் கடலுக்குப் போவேன் என்று சொன்ன ஒருத்தனை மூன்று முறை திருத்தி டாக்டர் ஆக்கினேன். போகப் போக, புதிதாக எதைக் கண்டாலும் அதை மனப்பாடம் செய்யப் பிள்ளைகள் தாங்களாகவே பழகிக்கொண்டார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

நாலாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். காப்பி அடிக்கிறாள் என்று இரண்டு வருடம் திட்டினேன். ஒரு தரம் முழங்கையில் அடித்தும் இருக்கிறேன். பிறகு ஒரு நாள், கரும்பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேதியை அவள் வாசிப்பதைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை.

அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கரையில் நண்டு வலை பிரிக்கிற வேலை அந்த அம்மாவுக்கு. படகு வந்ததும் வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் ஒடியாமல் எடுக்க வேண்டும். லீவு நாளில் மகளும் அவரோடு உட்காருவாள்.

“இவளுக்கா டீச்சர் கண்ணு தெரியல? வலையில ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் இவதான் மொதல்ல சொல்லுவா. எழுதச் சோம்பப்பட்டுட்டு உங்கள ஏமாத்தியிருக்கா.”

பக்கத்தில் தெரிவது வேறு, தூரத்தில் தெரிவது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வயதில் கண்ணாடி போட்டால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று கேட்டார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை கெடும் என்றும் சொன்னார். கடைசியில் ஒன்றுக்கு மட்டும் சம்மதித்தார். கண் பார்க்கிறவர்கள் யாராவது சீட்டில் எழுதிக் கொடுத்தால் கூட்டிப் போவதாகச் சொன்னார்.

அந்தச் சீட்டுக்காக அலைந்தேன். பலரைப் பிடித்து, ஒரு குழுவை எங்கள் பள்ளிக்கு வரவழைத்தேன். கண் பரிசோதனையோடு முகத்தில் வண்ணம் பூசுவது, பலூன், கோமாளி எல்லாம் உண்டு என்றார்கள். எனக்கு அந்த ஒரு சீட்டுப் போதும்.

முந்தின நாள் மாலை குழுவில் ஒரு தம்பி வந்து, பெட்டிகளை இறக்கிவிட்டு, கரும்பலகை மேல் எழுத்து அட்டையை மாட்டிப் போனார். மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்துகள். நான் பிஸ்கட் பாக்கெட்டுகளை எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்தேன். வகுப்புத் தலைவியாக இருந்த சிறுமி வந்து, நாளைக்கு இதைத்தான் கேட்பார்களா என்று கேட்டாள். தலையைத் தூக்காமல் ஆமாம் என்றேன். படித்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னேன். அப்படித்தான் வாயில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே வாய்ப்பாடு மாதிரி ராகத்தோடு சத்தம் கேட்டது. ட. ப, ய. ல, ந, ம. பிள்ளைகள் சத்தமாகப் படித்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அன்றைக்கும் இருந்தது.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். கோமாளி வெயிலில் குட்டிக்கரணம் போட்டார். கன்னத்தில் பட்டாம்பூச்சி வரைந்துகொண்டு பிள்ளைகள் ஓடினார்கள். நான் கண் பரிசோதனை நடந்த வகுப்பறை வாசலிலேயே நின்றேன். அந்த அம்மாவும் வேலையைப் பாதியில் விட்டு, ஈரச் சேலையோடு வந்து நின்றார்.

அந்தப் பெண்ணின் முறை வந்தது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேலிருந்து கீழ் வரை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். அடுத்த கண்ணுக்கும் அப்படியே. சோதித்தவர் சிரித்து, சபாஷ் என்று சொல்லி, பார்வை சரி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அவள் சொன்ன ராகம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் கேட்ட அதே ராகம்.

இன்னொரு முறை பாருங்கள் என்றேன். கடைசி வரி வரை வாசித்துவிட்டாளே மேடம், இன்னும் பதினைந்து பேர் இருக்கிறார்களே என்றார் அவர். அவரோடு பேசிக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே போய் அட்டையைக் கழற்றினேன். கரும்பலகையில் கை அகலத்துக்கு வேறு நான்கு எழுத்துகள் எழுதினேன். தூரத்தில் போட்டிருந்த கோட்டில் நின்று அவளை வாசிக்கச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து நின்று தொடங்கினாள். “ட. ப, ய. ல, ந, ம.”

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்குப் பலகை தெரிந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பி, “சரியாத்தான சொன்னேன் டீச்சர்? நீங்கதான படிச்சிட்டு வரச் சொன்னீக” என்றாள்.

சோதித்தவர் எழுந்து வந்தார். அம்மாவிடமிருந்து சீட்டை வாங்கிக் கிழித்தார். அவளை மறுபடி உட்கார வைத்து விரல்களை எண்ணச் சொல்லி, வேறு சீட்டு எழுதினார். சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தார்களா, பார்த்து வாசித்தார்களா என்று தெரியாததால் மற்ற முப்பத்து மூன்று பேரையும் வேறு எழுத்துகளை வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அம்மாவோடும் மகளோடும் ராமநாதபுரம் போனேன். பஸ்ஸில் அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். பாதி வழியில் ஒன்று சொன்னார். “பாத்து எழுதுறான்னு ரெண்டு வருசமா திட்டுனீக, அடிச்சீக டீச்சர். நானும் வீட்டுல வச்சு அடிச்சேன்.”

கண்ணாடி வந்த அன்று காலை அவள் வகுப்புக்குள் வரவில்லை. தேடிப் போனால் வெளிச்சுவருக்கு எதிரே தள்ளி நின்று அந்த நீல மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதென்ன டீச்சர், ரெண்டு கண்ணையும் ஒரே பக்கம் வச்சிருக்காக. மண்ணோட ஒட்டித் தட்டையாக் கெடக்குற நாக்கு மீனுக்குத்தான் அப்படி இருக்கும். இதுக்கு எதுக்கு?”

மற்ற பிள்ளைகளைக் கேட்டேன். வரைந்த அன்றைக்கே தெரியும் என்றார்கள். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றேன். வகுப்புத் தலைவிதான் பதில் சொன்னாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தானே சொல்லிக் கொடுத்தீர்கள் என்றாள்.

அடுத்த வாரம் பொம்மலாட்டம் காட்ட யாரோ வருகிறார்களாம். தகவல் வந்திருக்கிறது. என்ன கேள்வி கேட்பார்கள் என்று பிள்ளைகள் வந்து நின்றார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.