பூட்டுத்திரை விழும் நேரம்

உள்ளங்கையை முதலில் பக்கவாட்டுத் தகட்டில் வைக்கிறார். பிறகு தலைப்பக்கம். பிறகு பின்னால், வெப்பக்காற்று வெளியேறும் சல்லடைமேல் விரல்களை விரித்துப் பிடிக்கிறார். குளிரில் நடந்துவந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தவரைப் போல முகம் கொஞ்சம் இளகுகிறது. வேலையிலிருந்து வந்தவர் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை; சட்டையில் கிரீஸ் வாசனை அப்படியே இருக்கிறது. மகளின் அறையில், மேசைக்கு அடியில் நிற்கும் அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியை நலம் விசாரித்த பிறகுதான் அவருக்குத் தண்ணீர் குடிக்கவே தோன்றும்.

"சூடு சரியா இருக்கு. மூச்சும் சரியா வருது. அப்புறம் என்னடா உனக்கு?"

திரையில் இன்றைக்கும் ஒரு சிவப்பு வரி. கணக்கீட்டில் பிழை.

"அதுகிட்ட போய்க் கேக்கறீங்களே, காலைலேர்ந்து வீட்ல ஒருத்தி இருக்கேன், எனக்கு என்னன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வருகிறது.

"உனக்குத்தான் பிழையே கிடையாதே" என்கிறார், பெட்டியிலிருந்து கையை எடுக்காமல்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். அவர் பராமரிக்கும் கட்டடங்களில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, எல்லாருக்கும் லிஃப்ட்காரர். உள்ளே ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார். கூட வருபவர்கள் நின்றுகொண்டே தூங்குகிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர் கேட்டுக்கொண்டிருப்பது கம்பிவடத்தின் பேச்சை. மேலே போய் இறங்கும்போது, "நாலாவது மாடி தாண்டறப்ப லேசா முனகுது" என்பார். புகார் சொன்னவர்கள் பார்க்க வந்து நின்றால் மட்டும் லிஃப்ட் சாதுவாகிவிடும். "ஆளப் பாத்தா அடங்கிரும், நாம திரும்பினா ஆட்டம் காட்டும்" என்பது அவருடைய தீராத புலம்பல். அதனால் வேலை முடிந்து கிளம்புவதுபோல் கிளம்பி, படிக்கட்டு வளைவில் பதுங்கி நின்று காதைக் கொடுப்பார். அப்படிப் பதுங்கியவரை ஒரு புதுக் காவலாளி சட்டையைப் பிடித்து இழுத்துப்போன கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

கம்ப்யூட்டர் விவகாரம் மகள் கல்லூரியில் படிக்கும்போது தொடங்கிவைத்தது. பெரிய தட்டு போன்ற ஆண்டெனாக்கள் வானத்திலிருந்து பிடிக்கும் அலைகளைத் துண்டு துண்டாக்கி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். செத்துப்போன நட்சத்திரம் ஒன்று எங்கேனும் சுழன்று துடித்துக்கொண்டிருக்கிறதா என்று அந்தத் துண்டுக்குள் தேட வேண்டும். தேடுகிற வேலை கிராபிக்ஸ் கார்டுடையது. விளையாட்டுகளின் படத்தை ஓட்டுவதற்கென்று செய்தது என்றாலும் இந்த மாதிரிக் கணக்கில் அது புலி. கூலி எதுவும் கிடையாது. ஒவ்வொரு துண்டும் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேருக்குப் போகும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் செல்லும்.

இந்தக் கடைசி விதியில்தான் லிஃப்ட்காரர் சொக்கிப்போனார். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, அது ஓடும் இருட்டான கிணற்றுக்குள் மெல்ல உயர்ந்துகொண்டிருக்கும்போது அந்த இன்னொருவரைப் பற்றி யோசிப்பார். அவர் வீட்டில் மழையா வெயிலா? அவரும் தூசி தட்டுவாரா? ஒரே வானத்துண்டை இருவரும் இரண்டு மூலையில் பிடித்துக்கொண்டு, துவைத்த போர்வையை உதறி மடிப்பதுபோல் மடிப்பதாக அவருக்குத் தோன்றும். தலைக்குமேல் எங்கோ ஒரு மாடியின் கதவிடுக்கு வெளிச்சக் கோடாகத் தெரிந்து, நெருங்கி, கீழே இறங்கிப்போகும். மாடிகளெல்லாம் அவரைக் கடந்து மிதந்துபோவதுபோல் இருக்கும்.

மகள் வேலை கிடைத்துக் கடல் கடந்து போனாள். வாசலில் பயணப்பெட்டியோடு நின்றபோது அவள் அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "என் கம்ப்யூட்டர மட்டும் ஆஃப் பண்ணிராதீங்கப்பா. அது பாட்டுக்கு ஓடட்டும்." அழுகையெல்லாம் அம்மாவோடு முடித்திருந்தாள். அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு எப்போதும் இயந்திரங்கள் வழியாகத்தான். அவை இல்லாதபோது தொலைபேசியில் இப்படி ஓடும்:

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்ப்பா. நீங்க?"

"ஆச்சு. வேல?"

"போகுது."

"சரி. இந்தா, அம்மாகிட்ட பேசு."

கொஞ்ச நாளில் அழைப்புகளும் குறைந்தன. வேலை அதிகமாம். சிவப்பு வரிகள் ஆரம்பித்தது அதன் பிறகுதான். பிழை பெருகப் பெருக, அனுப்புகிறவர்கள் அவருடைய பங்கைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு துண்டு என்று ஆக்கினார்கள். "கிளாசுக்கு வெளியே முட்டி போட வெச்சிட்டாங்க" என்று மனைவியிடம் சொன்னார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் மகள் நம்பி விட்டுப்போன ஒன்றைத் தன் கையால் கெடுத்துக்கொண்டிருக்கிறோமோ என்ற பயம் அவரைச் சோற்றுத்தட்டு வரை தொடர்ந்தது.

அந்த மாலைகளில் அவர் செய்யாதது இல்லை. கார்டைக் கழற்றி, பெயின்ட் பிரஷால் தூசி எடுத்து, திரும்பச் செருகினார். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதிதாக்கினார், சரிப்படாமல் பழையதாக்கினார். வேகத்தைக் குறைத்தார். வேறு மின்விசிறி மாட்டினார். வேறு தொல்லைகளும் இருந்தன. வீடு திரும்பும்போதெல்லாம் திரை பூட்டிக் கிடக்கும். திரையில் குப்பைத்தொட்டிப் படம் ஒருநாள் வலது ஓரத்துக்குப் போயிருந்தது.

"நீ ஏதாவது தொட்டியா?"

"அதத் தொட எனக்கென்ன கிறுக்கா? தூசி தொடைக்கவே பயந்து வெளியவே நின்னுக்கறேன். கட்டில ஒதுக்கிட்டு அங்க என் தையல் மெஷினப் போடலாம்னு இருக்கேன், நீங்க என்னடான்னா ஐசியூ வார்டு நடத்தறீங்க!"

தன்னார்வலர்களின் அரட்டைக்குழுவில் பூனைமீசை என்ற பெயரில் ஒருவர் உண்டு. யார், எந்த ஊர் என்று தெரியாது. எல்லாப் பிழைக்கும் பதில் வைத்திருப்பார். "அண்ணே, விண்டோஸ்தான் வில்லன். தனி டிஸ்க்ல லினக்ஸ் போட்டுப் பாருங்க" என்றார். லிஃப்ட்காரர் போட்டார். லினக்ஸின் சின்னம் பென்குயின் என்பதால் வீட்டில் அதற்குப் பென்குயின் என்றே பெயராயிற்று. முதலில் பென்குயினுக்குக் கார்டே தெரியவில்லை. கார்டைத் தொட அனுமதி உள்ள பட்டியலில், கணக்குப் போடும் நிரலின் பெயரைச் சேர்த்ததும் தெரிந்தது. அதன்பின் ஒரு சிவப்புகூட இல்லை. துண்டுகள் வந்தன, எங்கோ இருந்த ஜோடிகளோடு ஒத்துப்போயின, பங்கு மெல்ல ஏறியது. "பென்குயின் வாழ்க!" என்று குழுவில் எழுதினார். மனைவிக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கிவந்தார்.

அந்த வார இறுதியில் மகளிடமிருந்து செய்தி வந்தது. அம்மாவுக்கு அல்ல, அவருக்கு.

"அப்பா, வீட்ல கரண்ட் இல்லையா? என் மெஷினுக்குள்ள போகவே முடியலையே."

அவர் அப்போது ஒரு கட்டடத்தின் மோட்டார் அறையில் இருந்தார். செய்தியை இரண்டு முறை படித்துவிட்டுத் தலைகீழாகக் கிடந்த வாளிமேல் உட்கார்ந்தார். கட்டை விரலால் மெதுவாகத் தட்டினார்.

"உள்ள வருவியா நீ?"

"தினமும் வருவேனே. லஞ்ச் டைம்ல. உங்களுக்கு அது சாயங்காலம்."

"எதுக்கும்மா?"

"சும்மாப்பா. எல்லாம் வெச்சது வெச்ச மாதிரியே இருக்கும். ரூம்ல உக்காந்த மாதிரி இருக்கும். அவ்ளோதான்."

மோட்டார் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கம்பிவடம் யாரையோ தூக்கிக்கொண்டு போயிற்று. பூட்டிக் கிடந்த திரைகள், இடம் மாறிய குப்பைத்தொட்டி, சாயங்காலச் சிவப்பு வரிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தத்தம் மாடியில் நின்றன. பூனைமீசையிடம் கேட்டபோது அவரும் சந்தேகமில்லை என்றார். தூரத்திலிருந்து ஒருவர் அப்படி உள்ளே வந்தால் விண்டோஸ் வீட்டுத் திரையைப் பூட்டிவிட்டு, வந்தவருக்கென்று தனியாக ஒரு திரையை விரிக்கும். அந்தத் திரைக்குக் கார்டு தெரியாது. கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நிரல் திரும்பிப் பார்த்தால் கார்டு இருந்த இடம் வெறிச்சென்று இருக்கும். பாதிக் கணக்கில் விழுந்துவிடும்.

"என் லிஃப்ட் பாத்தா அடங்கும். இது பாத்தா கெடுது" என்று எழுதினார் லிஃப்ட்காரர்.

"சிம்பிள் அண்ணே. கார்டத் தொந்தரவு பண்ணாம எட்டிப் பாக்கற வேற சாஃப்ட்வேர் இருக்கு. பாப்பாகிட்ட சொல்லி மாத்தச் சொல்லுங்க. இல்ல, பென்குயின்லயே இருந்துட்டு, வராதன்னு சொல்லிருங்க."

"சொல்லலாம்தான்" என்று மட்டும் எழுதினார்.

மாற்றச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். நீ வருவதால்தான் கெட்டது என்று தெரிந்துவிட்டால், "சாரிப்பா, இனிமே வரல" என்பாள். சொன்ன மாதிரியே வராமலும் இருந்துவிடுவாள். தொந்தரவு என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அந்த வாசலை மிதிக்காத பிறவி அவள். யாரிடமிருந்து வந்த குணம் என்று மனைவி அடிக்கடி சொல்லிக் காட்டுவது உண்டு.

அன்றைக்கே பென்குயினை நிறுத்திவிட்டு, அவள் வர வழியிருந்த விண்டோஸைத் திறந்தார். "கரண்ட் வந்துருச்சு" என்று மகளுக்கு ஒரு வரி அனுப்பினார். அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அது சின்னதுதான். ஆனாலும் சொல்லும்போது காது சிவந்தது.

இப்போதெல்லாம் கட்டடங்களின் வரிசையை மாற்றிவிட்டார். வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடம் சாயங்கால முறைக்கு வந்துவிட்டது. வேலையை அரைகுறையாக நிறுத்தி, ஸ்பானரைப் பைக்குள் சொருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவந்து, அவள் உள்ளே வருமுன் வானத்துண்டின் கணக்கைத் தன் கையாலேயே நிறுத்திவைக்கிறார். அவள் வந்துபோன பிறகு ஓடவிடுகிறார். சிவப்பு இல்லை; முட்டிபோட்ட தண்டனையும் போயிற்று.

"எதுக்கண்ணே தினமும் ஓடறீங்க?" என்று பூனைமீசை கேட்டார். "எந்த நேரத்துல நிக்கணும்னு அதுலயே செட் பண்ணிட்டா தானா நிக்குமே!"

"அட, ஆமால்ல!" என்று பதில் போட்டார். மறுநாளும் ஓடிவந்தார்.

"வேலைக்குப் போற மனுஷன் நடுவுல வந்து வந்து எதப் பாக்கறீங்க?" என்று மனைவி துணி மடித்தபடி வாசலில் நின்று கேட்கிறாள்.

"இரு. இப்ப வந்துருவா."

அவள் மடிப்பதை நிறுத்துகிறாள்.

அறையில் சாய்ந்த வெயில் மேசைவரை வந்திருக்கிறது. விசிறி அடங்கி, பெட்டி சத்தமில்லாமல் காத்திருக்கிறது. மகளின் நாற்காலியை அவர் தொடுவதில்லை. கட்டில் ஓரத்தில், முழங்கால்மேல் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். திரையில் அவள் வைத்துவிட்டுப் போன படம், மழை வழியும் ஏதோ ஒரு ஜன்னல், கொஞ்ச நேரம் தெரிகிறது. பிறகு ஒரு கண்சிமிட்டலில் அது மறைந்து பூட்டுத்திரை விழுகிறது.

அந்தக் கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது. லிஃப்ட்காரர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கிரீஸ் கறையைக் கையால் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிறார்.